ஐந்தாவது வட்டம்

பூமாலை தன் மகளிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி பஞ்சாயத்தைப் பற்றியது.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம். வாசலில் கோணியை விரித்துப்போட்டு இரண்டு பேரும் விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். விதைக்கு வைக்கும் நிலக்கடலையை மெஷினில் போட்டால் பருப்பு பிளந்துவிடும், முளைக்காது. அதனால் நிலம் வைத்திருப்பவர்கள் மூட்டையை வீட்டுக்கு வீடு இறக்கிவிட்டுப் போவார்கள். பெண்கள் ஒவ்வொன்றாகக் கையால் உடைத்துக் கொடுப்பார்கள். பூமாலையின் மடியில் மாதிரிக் கேள்வித்தாள் கிடந்தது. பத்தாவது வரை சிஸ்டர்கள் பள்ளியில் படித்தவள். திக்காமல் திணறாமல், மாதா கோயில் பூசையில் வாசகம் வாசிக்கிற மாதிரி வாசிப்பாள்.

"பஞ்சாயத்துங்களோட அதிகாரத்தைச் சொல்ற அட்டவணை எது? ஒன்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. அஞ்சாவது, தெரியலை."

மலர்விழி கையிலிருந்த காயை உடைக்காமல் விரல்களுக்கிடையே உருட்டினாள். "பதினொண்ணு" என்றாள். சரிதான். பூமாலை ஒரு பருப்பை எடுத்துக் கிண்ணத்தில் போடப் போனாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத நடுவுல வைம்மா. கெஸ்."

"சரியாத்தானடி சொன்ன?"

"வாய்க்கு வந்துச்சு, சொன்னேன். கெஸ்ல வந்ததைச் சரின்னு எடுத்து வச்சிகினா, நாளைக்கு அதே கேள்வி என்னைப் பாத்து சிரிக்கும்."

இது மலர்விழியே கண்டுபிடித்த கணக்கு. தெரிந்து சொன்ன ஒவ்வொரு விடைக்கும் ஒரு பருப்பு கிண்ணத்துக்குப் போகும். குருட்டாம்போக்கில் சொன்னது சரியாகவே இருந்தாலும் கோணியின் நடுவில்தான் இருக்க வேண்டும். தெரியாததற்கு உடைக்காத காய் ஒன்று ஓரமாக ஒதுங்கும். எல்லாக் கேள்வியும் முடிந்ததும் அவள் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். நடுவில் இருக்கும் பருப்பையும் ஓரத்தில் இருக்கும் காயையும்தான் பார்ப்பாள். "இதான் நான் படிக்க வேண்டியது" என்பாள். அந்த ஓரத்துக் காய்களை மட்டும் பூமாலை உடைக்காமல் தனியே ஒரு டப்பாவில் போட்டு வைப்பாள். மறுநாள் அந்தக் கேள்விகளுக்கு விடை சொன்ன பிறகுதான் அவை உடைபடும்.

வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத்தான் தெரிந்தது. மலர்விழியின் அப்பா சவுரிராயன், திண்டிவனம் மல்லாட்டை மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். "சரிய சரின்னு ஒத்துக்க ஒனக்கு இன்னா கேடு?" என்று கேட்டுச் சிரிப்பார். மலர்விழி படித்த பயிற்சி மையத்தில் சிரிப்போடு விடவில்லை.

திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு எதிரே, செல்போன் கடை மாடியில் இருந்தது அந்த மையம். நடத்துகிறவர் பூவரசன் சார். குரூப் நாலு பரீட்சையில் இருநூறு கேள்வி. கேள்விக்கு நான்கு விடைகள், அதற்கு நான்கு வட்டங்கள். ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கும். அதற்குப் பெயர் 'விடை தெரியவில்லை'. தப்பாகப் போட்டால் மார்க்கைக் குறைக்க மாட்டார்கள் என்பதால், அந்த ஐந்தாவது வட்டத்தின் பக்கமே பேனா போகக்கூடாது என்பது பூவரசன் சாரின் முதல் பாடம். இரண்டாவது பாடம் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். மாதிரித் தேர்வு எழுதி, அவரவர் தாளை அவரவரே திருத்தி, அவரவர் மார்க்கை அவரவரே எழுந்து நின்று சொல்ல வேண்டும். நூற்றைம்பதுக்கு மேல் என்றால் கைதட்டல். கீழே என்றால் கடைசி வரிசை.

மலர்விழி எழுந்து நின்று, தெரிந்து போட்டது இவ்வளவு, கெஸ் இவ்வளவு, ஐந்தாவது வட்டம் இவ்வளவு என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னாள். வகுப்பு சிரித்தது. சார் அவளைப் பாவமன்னிப்பு கேட்க வந்தவள் என்று கூப்பிட ஆரம்பித்தார். மூன்று வாரம் பெஞ்சின் ஓரத்தில் நிற்க வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தங்கள் மார்க்கைத் தாங்களே பத்துப் பதினைந்து ஏற்றிச் சொல்லிக் கைதட்டு வாங்கினார்கள். திருத்துகிற பேனா தன் கையிலேயே இருக்கும்போது எவன் கடைசி வரிசைக்குப் போவான்? அது சாருக்கும் தெரியும். ஏற்றிச் சொன்ன மார்க்கெல்லாம் அவருடைய நோட்டீஸில் அச்சாகும். இறக்கிச் சொல்லும் ஒருத்திதான் அவருக்குத் தொந்தரவு.

வீட்டில் இதைச் சொல்லும்போது மலர்விழி அழவில்லை. சார் மாதிரியே இடுப்பில் கை வைத்து நடித்துக் காட்டினாள். பூமாலையும் சிரித்தாள். அப்படிச் சிரித்ததற்காகப் பின்னால் எத்தனையோ தடவை தன் தொடையில் தானே அறைந்துகொண்டாள்.

பரீட்சை விழுப்புரத்தில். காலையில் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டுக் கறுப்பு பேனா இரண்டோடு கிளம்பினாள். மத்தியானம் விழுப்புரம் பஸ் நிலையத்திலிருந்து போன் வந்தது. பின்னால் கண்டக்டர்கள் ஊர் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"பதினேழு கேள்விக்கு அஞ்சாவது வட்டம் போட்டுட்டேம்மா. கை வரல."

"போடாதன்னு ஒங்க சார் தலபாடா அடிச்சிகினாரே."

"அவர் கெடக்கறாரு. கெஸ் வேற ஏகப்பட்டது. எண்ணல. வீட்டுக்கு வந்து மல்லாட்டைய வச்சிப் பாத்துரலாம். நீ புதுக் காயா எடுத்து வை."

பூமாலை எடுத்து வைத்தாள்.

அவர்கள் ஊர் கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில், நான்கு வழிச் சாலையை ஒட்டி இருந்தது. விழுப்புரத்திலிருந்து வருகிற பஸ் சாலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடும். சாலையைக் கடந்தால்தான் வீடு. மலர்விழி இறங்கினாள், கடந்தாள், ஊருக்குள் திரும்பும் மண் பாதையில் காலும் வைத்துவிட்டாள். அப்போதுதான் செல்போனில் மையத்தின் குரூப்பில் சாரின் செய்தி வந்தது. எல்லாரும் கேள்வித்தாளோடு நான்கு மணிக்குள் மையத்துக்கு வர வேண்டும், விடை போட்டுப் பார்க்கப் போகிறோம், வராதவர்கள் நூற்றைம்பதுக்குக் கீழே என்று எடுத்துக்கொள்ளப்படும்.

அவ்வளவுதான் அந்தச் செய்தி. அவள் திரும்பினாள். திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்க மறுபடியும் அந்தப் பக்கம் போக வேண்டும். பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. ஓடினாள். இந்தப் பக்கத்துச் சாலையில் வந்த லாரியை அவள் பார்க்கவில்லை என்று டீக்கடையில் இருந்தவர்கள் சொன்னார்கள். பார்த்தாள், பஸ் போய்விடுமே என்று ஓடினாள் என்றும் சொன்னார்கள். செல்போன் மட்டும் கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தது. அந்தச் செய்திக்குக் கீழே ஒவ்வொருவராக 'ஓகே சார்', 'ஓகே சார்' என்று போட்டிருந்தார்கள். மலர்விழியின் 'ஓகே சா' பாதியில் நின்றிருந்தது.

அடக்கத்துக்குப் பூவரசன் சார் வந்தார். பெரிய மாலை, பின்னால் இருபது பிள்ளைகள். சவுரிராயன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறினார். துக்கத்தில் மனிதன் என்னென்னவோ பேசுவான். பூமாலை தன்னிடம் சொல்லியிருந்ததை அவர் சாரிடம் சொன்னார்: பதினேழுதான் தெரியல சார், பதினேழே பதினேழு, போன்ல சொல்லுச்சாம் சார். சார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் மண்டையில் ஒரு கழித்தல் கணக்கு அப்போதே ஓடி முடிந்துவிட்டது என்பது யாருக்கும் தெரியவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து திரும்பி வந்தபோது, ஊர் நிறுத்தத்தில் பேனர் நின்றது. நான்கு சவுக்குக் கம்பு நட்டு, சரியாக அவள் விழுந்த இடத்துக்கு நேரே. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் மலர்விழி. பூமாலைக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முகத்தை வெளுத்திருந்தார்கள். மூக்குத்தியை அழித்திருந்தார்கள். சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்து மோவாயில் வாங்கிய தழும்பைக் காணோம். கழுத்துக்குக் கீழே யாருடையதோ கோட் போட்ட உடம்பை ஒட்டியிருந்தார்கள். அவள் படத்தைவிடப் பெரிதாகச் சிவப்பில் '200க்கு 183'. அதற்குக் கீழே, அரசுப் பணி கைக்கு எட்டும் முன் காலன் கவர்ந்த எங்கள் மாணவி, உன் கனவை எங்கள் மாணவர்கள் நனவாக்குவார்கள் என்று இரண்டு வரி. அதற்கும் கீழே, மஞ்சள் பட்டையில்: புதிய வகுப்புகள் ஆரம்பம், பெண்களுக்குத் தனி பேட்ச், இரண்டு செல்போன் எண்கள்.

எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம் என்று பூமாலை கேள்விப்பட்டிருக்கிறாள். எரிகிற வீட்டின் வாசலிலேயே கடை போடுகிறவனை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

ஆனால் அவள் வாயைத் திறக்கும் முன்பே சவுரிராயன் பேனருக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். பூசைக்கு வந்த சொந்தக்காரர்கள் சுற்றிலும் நின்றார்கள். எண்ணைப் பார்த்து ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். அச்சிறுபாக்கத்து அந்தோணிசாமி மச்சான் செல்போனில் படம் எடுத்தார். அன்றிலிருந்து அதுவே சவுரிராயனின் வேலையாகிவிட்டது. மார்க்கெட்டிலிருந்து வந்து இறங்கியதும் பேனருக்குக் கீழே நிற்பார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் எண்ணைக் காட்டுவார். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டார், தூங்கினார். அதுவரை அவர் தூங்கியதில்லை.

பூமாலை தூங்கவில்லை. அது பொய்யான நம்பர் என்று ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள். தெரியாதது பதினேழு என்றால் மற்றதெல்லாம் சரி என்றா ஆகிவிடும்? ஏகப்பட்டது கெஸ் என்று அவளே சொன்னாளே. எத்தனை தப்போ, யார் கண்டது?

சவுரிராயன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இருக்கட்டுமே" என்றார். "ஒங்கப்பன், எங்கப்பன், ஒரு மனுசனுக்காவது செத்த பிறகு ரோட்டுல பேர் இருந்துதா? அந்த நம்பர் இருந்தா அவ ஆபீசரா செத்தாடி. இல்லன்னா லாரில அடிபட்ட கூலிக்காரன் பொண்ணு, அவ்ளோதான். எனக்கு அது வேணும், பூமாலை. ஒனக்கு வேணாம்னா பாக்காம போ."

புருசன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் லேசாக இருந்திருக்கும். அவர் முதுகில் மூட்டை ஏறி ஏறிக் காய்த்துப்போன தோலைப் பார்த்தாள். கோபமெல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே இடத்தில் போய் நின்றது. அந்த இடம் திண்டிவனத்தில், செல்போன் கடை மாடியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் போனாள். படியேறும்போதே கைதட்டல் கேட்டது. உள்ளே அறுபது பிள்ளைகள் தங்கள் தாளைத் தாங்களே திருத்திக்கொண்டிருந்தார்கள். சுவரில் அதே பேனரின் சின்னப் பிரதி தொங்கியது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் மாலை. பூவரசன் சார் பதறி எழுந்து நாற்காலி போட்டார். டீ சொல்லி அனுப்பினார். பிள்ளைகளைப் பார்த்து, யார் வந்திருக்காங்க தெரியுதா, நம்ம மலர்விழி அம்மா என்றார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். பூமாலை உட்காரவில்லை.

"அந்த நூத்தி எண்பத்து மூணு யாரு சார் திருத்தனது?"

சார் மென்மையாகச் சிரித்தார். அப்பாதான் சொன்னார் என்றார். பதினேழு தெரியவில்லை என்றால் இருநூறில் பதினேழு போக மீதி என்று விரலை மடக்கிக் காட்டினார்.

"தெரியாததைக் கழிச்சா மீதியெல்லாம் சரியா?"

"அப்படி இல்லம்மா, ஒரு மரியாதைக்கு..."

"அப்ப இந்தப் பசங்க எதுக்கு சார் குந்திகினு ஒண்ணொண்ணா திருத்திகினு கெடக்குதுங்க? தெரியாதத மட்டும் எண்ணிட்டு எழுந்து போகச் சொல்ல வேண்டியதுதான?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். சாரின் முகம் மாறவில்லை. அவருக்குப் பழக்கம். குரலைத் தாழ்த்தி, உள் அறைக்குப் போய்ப் பேசலாமே என்றார். பூமாலை அசையவில்லை. இங்கேதானே அவளை நிற்க வைத்தீர்கள், இங்கேயே பேசலாம் என்றாள்.

அவர் பேசினார். நன்றாகவே பேசினார். அந்தப் பேனரைப் பார்த்து எத்தனை ஏழைப் பெண்கள் படிக்க வந்திருக்கிறார்கள் தெரியுமா என்றார். உங்கள் சின்ன மகள் வெண்ணிலா பன்னிரண்டாவது முடித்ததும் இங்கே வரட்டும், ஒரு பைசா வேண்டாம் என்றார். ரிசல்ட் வரட்டும், வந்ததும் உண்மையான மார்க்கைப் போட்டு மாற்றிவிடலாம் என்றார். அதுவரை நம்பர் இல்லாமல் பேனர் எப்படி நிற்கும் என்றார்.

மூன்றாவது வரிசையில் நின்ற ஒரு பெண்ணைப் பூமாலைக்கு அடையாளம் தெரிந்தது. பிரபாவதி. மலர்விழிக்குப் பக்கத்தில் உட்காருகிறவள், பிரம்மதேசத்துப் பெண். தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"வேற நம்பர் போடச் சொல்லி நான் வரல" என்றாள் பூமாலை. "எத்தினி சரின்னு எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. தெரியலைன்னு போடுங்க."

"யாருங்கம்மா பேனர்ல தெரியலைன்னு போடுவாங்க?"

"எம்பொண்ணு போட்டா. பதினேழு எடத்துல போட்டா. அத எண்ணித்தான நீ இந்த நம்பரையே பண்ண?"

'நீ' என்று சொல்லிவிட்டது அவளுக்கே தெரிந்தது. திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. டீ வந்தது. அதை மேசைமேல் வைக்கச் சொல்லிவிட்டு அவள் சுவரருகே போனாள். பிளாஸ்டிக் மாலையைக் கழற்றினாள். பிரதியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை. படியிறங்கும்போது பின்னால் சார் பிள்ளைகளிடம், தாய் மனசு, நாமதான் பொறுத்துப்போகணும் என்று சொல்வது கேட்டது. அந்தப் பொறுமையைக் கேட்டதும் அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக வீட்டுக்குப் போனாள். பல் வைத்த கருக்கரிவாளை எடுத்தாள். பூசைக்குப் போகும்போது கட்டுகிற புடவையைக்கூட மாற்றவில்லை. நிறுத்தத்தில் டீக்கடைக்காரர் பச்சைமுத்து அவள் கையில் இருந்ததைப் பார்த்துப் பெஞ்சிலிருந்து எழுந்தார். அவள் அந்தப் பெஞ்சையே இழுத்துக்கொண்டு போய்ப் பேனருக்குக் கீழே போட்டாள்.

ஏறி நின்றபோது பேனருக்குப் பின்னாலிருந்து சவுரிராயன் வந்தார். நிழலுக்கு அங்கேதான் குந்தியிருப்பார் போலிருக்கிறது. அரிவாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இறங்கு என்று சொல்வார், கையைப் பிடித்து இழுப்பார் என்றுதான் அவள் காத்திருந்தாள். அப்படிச் செய்தால் அவரையும் ஒரு வெட்டு வெட்டுகிற வெறி அந்தக் கணம் அவளுக்கு இருந்தது.

"அவ எண்ணி முடிக்கல்யா" என்றாள். "வீட்டுக்கு வந்து எண்ணுறேன்னா. அவ எண்ணாதத இவன் யாரு எண்றதுக்கு?"

சவுரிராயன் நெடுநேரம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். சாலையில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. பிறகு அவர் காற்றில் ஆடிய சவுக்குக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"படம் கிழியாம பாத்து" என்றார்.

கருக்கரிவாள் துணியை அறுப்பது போல ஃபிளெக்ஸை அறுக்காது. கறகறவென்று இழுத்தது. முதலில் எண்ணைச் சுற்றி நான்கு பக்கமும் அறுத்தாள். பிறகு மஞ்சள் பட்டையையும் செல்போன் எண்களையும் அறுத்தாள். அறுத்த துண்டுகள் காலடியில் விழுந்தன. சவுரிராயன் குனியவில்லை. கம்பை விடவும் இல்லை. அவர் தோள்கள் குலுங்கக் குலுங்கக் கம்பும் சேர்ந்து ஆடியது. அவள் கோபத்தோடு, ஆடாமப் பிடிய்யா என்றாள்.

எண் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை விழுந்தது. அதன் வழியே சாலையும், சாலைக்கு அந்தப் பக்கமும் தெரிந்தன. மையத்திலிருந்து ஆள் வந்து பேனரைக் கழற்றிக்கொண்டு போவார்கள் என்று பச்சைமுத்து சொன்னார். வரவில்லை. நம்பரும் போன் நம்பரும் இல்லாத பேனர் அவர்களுக்கு எதற்கு?

அது நிற்கிறது. வெளுத்த முகத்தில் வெயில் பட்டு இன்னும் வெளுத்துவிட்டது. ரிசல்ட் இன்னும் வரவில்லை. டப்பாவில் அன்றைக்கு எடுத்து வைத்த காய்கள் உடையாமல் இருக்கின்றன. சவுரிராயன் தினமும் அங்கே நின்றுதான் மார்க்கெட்டுக்குப் போகிறார். யாரிடமும் எதையும் காட்டுவதில்லை. சாலையின் இரண்டு பக்கமும் பார்த்து, லாரிகள் போகும் வரை பொறுத்துப் பிறகு கடக்கிறார். திண்டிவனம் பஸ் இப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது.